சூட்டில் எடுக்காத கார்

கார் வைத்திருக்கும் என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று நெடுநாளாக நினைப்பு. கூச்சத்தில் கேட்டதில்லை. காலையில் ஒரே சுற்றில் எடுக்கிற வண்டி, இருபது மைல் தள்ளியிருக்கும் கிள்ளான் வரை ஓடி நிறுத்திய பிறகு எடுக்க மறுத்தால் நீங்கள் எதைச் சந்தேகப்படுவீர்கள்? பிளக், காயில், பெட்ரோல் குழாய் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பீர்கள். எங்கள் வண்டி அப்படி மறுத்தபோது என்னைச் சந்தேகப்பட்டார்கள். எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பதோ.

எங்கள் வண்டி என்று எழுதிவிட்டேன். அது முதலாளியுடையது. ரயில்வேக்குச் சரளைக்கல் கொடுக்கிற கண்ட்ராக்டர் அவர். பிரிக்பீல்ட்ஸில் அவருடைய பெரிய வீடு, பின்னால் கார் கொட்டகை, கொட்டகையை ஒட்டி ஓர் அறை. அந்த அறையில் நானும் அப்பாவும். அப்பா முதலாளிக்கு டிரைவர். அம்மா என்னைப் பெற்றதும் போய்ச்சேர்ந்துவிட்டாள். காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, என்னை வளர்த்தார். பள்ளி வயது வந்ததும் அப்பா என்னைப் பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிவந்து தமிழ்ப் பள்ளியில் சேர்த்தார். ஒழுங்காகப் படித்தால் இங்கிலீஷ் பள்ளியில் சேர்க்கச் சிபாரிசு செய்வதாக முதலாளி சொல்லியிருந்தார். அப்பா அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த மாதிரிக் காரை இப்போது காட்ட முடியாது. காக்கித் துணிக் கூரை. பித்தளை வளையம் போட்ட விளக்குகள். அவற்றைப் புளி போட்டுத் தேய்ப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. வெளியே ரப்பர் உருண்டை வைத்த ஹாரன். அமுக்கினால் வாத்து கத்துகிற மாதிரி இருக்கும். வெயிலில் நின்ற தோல் சீட்டில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்தால் தொடை வெந்து போகும். முன்னால் நாக்கு மாதிரி ஒரு இரும்புக் கைப்பிடி தொங்கும். அதைப் பிடித்துச் சுற்றினால்தான் இஞ்சின் எடுக்கும். அப்பா கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்துக்கொள்வார். கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்தால் கைப்பிடி திருப்பி அடித்துக் கையை முறித்துவிடும்.

காலையில் வண்டி எடுப்பதில் எனக்கு ஒரு வேலை இருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். பலகையில் ஒரு பித்தளைச் சாவி. இடது பக்கம் இருந்தால் அணைப்பு, வலது பக்கம் திருப்பினால் தீப்பொறி வரும். அப்பா முன்னால் குனிந்து "ம்" என்பார். நான் திருப்புவேன். ஒரே சுற்று. வண்டி உடம்பை உதறிக்கொண்டு எழுந்துவிடும். பிறகு அந்தக் கையாலேயே அப்பா எனக்குக் காலைச் சோறு பிசைந்து தருவார். எவ்வளவு கழுவினாலும் ரசத்தில் பெட்ரோல் வாசனை அடிக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு மழைக்காலத்தில் முதலாளி பினாங்குக்குப் போயிருந்தார். ஆறு பெருகிப் பல தெருக்களில் தண்ணீர். வண்டியைக் கொட்டகையை விட்டு வெளியே எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் அவர் ரயில் ஏறினார். அப்பாவின் கூட்டாளிகளுக்கு வெள்ளம் பார்க்க ஆசை. அப்பாவுக்கு அவர்களைக் காரில் ஏற்றிக் காட்ட ஆசை. மாலையில் அந்தக் கார் திரும்பி வந்தது, கூட்டாளிகள் தள்ளிக்கொண்டு வர, வயிறுவரை சேறோடு.

மறுநாள் அப்பா இஞ்சினிலிருந்து ஒரு கனமான சாமானைக் கழற்றி அறைக்குள் கொண்டுவந்தார். மேக்னட்டோ என்றார். அந்த வண்டிக்குத் தீப்பொறி கொடுப்பது அதுதான். ஈரம் ஏறிவிட்டது, காயவைத்தால் சரியாகும் என்று அதை எங்கள் கரியடுப்பின் மேல், நாங்கள் கருவாடு வாட்டுகிற கம்பி வலையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க ஒரு வாசனை. தபால் ஆபீஸில் அரக்கு உருக்கி முத்திரை வைப்பார்களே, அந்த வாசனை. நான் எட்டிப் பார்த்தேன். அதன் அடியிலிருந்து தேன் நிறத்தில் ஏதோ சொட்டி, தணலில் விழுந்து புகைந்தது.

"அப்பா, உருகுதுப்பா."

அவர் துண்டால் பிடித்துத் தூக்கினார். வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறியதும் கொண்டுபோய் மாட்டினார். அடுத்த நாள் காலை நான் சாவியைத் திருப்ப, ஒரே சுற்றில் வண்டி எடுத்தது. அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார்.

"வெள்ளத்துல போனத யார்கிட்டயும் மூச்சு விடாத. மொதலாளிக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரும் ரோட்டுலதான் நிப்போம். தெரிஞ்சிச்சா?"

நான் விடவில்லை.

முதல் தகராறு கிள்ளானில். முதலாளி, முதலாளியம்மா, என் வயதுள்ள அவர்கள் மகன் மூவரும் அம்மன் கோவிலுக்குப் போனார்கள். பள்ளி இல்லாத நாளில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் தூரப் பயணமென்றால் அப்பா என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொள்வார். பக்கத்தில் காய்கறி வாங்கப் பாசாருக்கோ ஸ்டேஷனுக்கோ என்றால், வண்டி சூடேறாத அந்தத் தூரத்துக்கு, நான் போவதில்லை. இதை நினைவில் வையுங்கள். யாருமே அன்று இதை நினைக்கவில்லை.

அர்ச்சனை முடிந்து வந்து ஏறினார்கள். வண்டி எடுக்கவில்லை. அப்பா சுற்றினார், நின்றார், சுற்றினார். முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. கோவில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "அண்ணே, சாமிக்குத் தேங்கா உடைக்கல போல!" என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். முதலாளிக்குக் காது சிவந்தது.

அப்பா பானட்டைத் திறந்து கை வைத்துப் பார்த்துவிட்டுத் துண்டை என்னிடம் கொடுத்தார். "போய் நனைச்சிட்டு வா." நனைத்து வந்தேன். "சரி, நீ அந்த மரத்தடியில போய் நில்லு, கால்ல கையில படாம." நான் போய் நின்றேன். ஈரத் துண்டை மேக்னட்டோவின் மேல் போட்டுப் பானட்டை மூடி, டயர்களைச் சுற்றிப் பார்ப்பதுபோல் அப்பா காலம் கடத்தினார். அப்புறம் ஒரு சுற்று. எடுத்துவிட்டது.

நான் ஓடி வந்தேன். முதலாளியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா? பையன் எறங்குனான், வண்டி எடுத்துச்சு."

"சும்மா இருலா," என்றார் முதலாளி. ஆனால் அவரும் என்னை ஒரு முறை பார்த்தார்.

அப்பா கைப்பிடியை விட்டு நிமிர்ந்தார். லேசாகச் சிரித்தார். முதல் நாள் சிரிப்பைப் பற்றி எனக்கு இன்றும் குறை இல்லை. முதலாளியம்மா சொன்னதற்கு டிரைவர் வேறென்ன செய்வார்?

அடுத்தது பத்துமலை. அங்கேயும் திரும்பும்போது அடம். இந்தத் தடவை அப்பா கைப்பிடியை இரண்டு முறைகூடச் சுற்றிப் பார்க்கவில்லை. எல்லோர் காதிலும் விழும்படி, "டேய், எறங்கி அந்தப் பக்கம் போய் நில்லு," என்றார். இறங்கினேன். துண்டை அவரே நனைத்து வைத்திருந்தார். மலையடிவாரத்தில் சிமெண்டுத் தூண் ஒன்றின் பின்னால் நின்றுகொண்டு, எடுத்துவிடு எடுத்துவிடு என்று வண்டியைக் கெஞ்சினேன். எடுத்தது. எனக்கு அழுகை வந்தது. எடுக்காமல் இருந்திருந்தால் என்மேல் தப்பில்லை என்று ஆகியிருக்குமே.

"பெத்தவளயே முழுங்குன பையன்," என்று முதலாளியம்மா பின்சீட்டில் சொன்னது காற்றையும் மீறிக் கேட்டது. "அவன் கால் பட்டா எது ஓடும்?"

நான் நம்பினேன். அதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வண்டியில் ஏறும்போது வலது காலை வைத்துப் பார்த்தேன். செருப்பில்லாமல் ஏறிப் பார்த்தேன். சீட்டில் முழு உடம்பும் படாமல் விளிம்பில் தொங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். திரும்பும் வேளையில் வண்டி எடுக்கவே இல்லை.

முதலாளி மகனுக்கு இது வேடிக்கையாகிவிட்டது. கொட்டகைப் பக்கம் வந்து, "டேய் சனியன், எங்க சைக்கிளத் தொடாதலா, டயர் வெடிச்சிரும்!" என்பான். அவன் கெட்டவன் இல்லை. பட்டம் விட என்னைத்தான் கூப்பிடுவான்.

முதலாளி ஒரு நாள் பட்டறைக்காரரை வரவழைத்தார். சீனர், எண்ணெய்க் கறை படிந்த கைகள், காதில் சிகரெட். காலை நேரம். வண்டி கொட்டகையில் குளிர்ந்து கிடந்தது. அவர் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். எடுத்தது. நிறுத்தி மறுபடி சுற்றினார். எடுத்தது.

"பாகுஸ்," என்றார். நல்லாத்தான் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு அப்பாவைப் பார்த்து, "பானாஸ் மச்சாம் மானா?" என்று கேட்டார். சூடாகும்போது எப்படி என்கிறார். முதலாளி வாய் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "பானாஸும் பாகுஸ், தவுக்கே." சூடானாலும் நல்லாத்தான் இருக்கிறது, ஐயா என்று.

பையன் இறங்கினால் சூட்டிலும் எடுக்கிறதுதானே என்று முதலாளியும் விட்டுவிட்டார். பட்டறைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். காலையில் கூப்பிட்டால் காலையில் இருக்கிற வண்டியைத்தானே அவர் பார்க்க முடியும்? பகலில் கிள்ளான் வரை ஓட்டிப் போய், நிறுத்தி, பிளக்கைக் கழற்றி இஞ்சின் மேல் படுக்க வைத்துச் சுற்றியிருந்தால் தெரிந்திருக்கும். குளிர்ந்திருக்கும்போது நீலமாகப் பாய்கிற பொறி, சூட்டில் செத்த மின்மினி மாதிரி சிவந்து மங்கியிருக்கும். உள்ளே கம்பிச் சுருளைப் பொதிந்திருக்கும் அரக்கு உருகிப்போன மேக்னட்டோ சூடேறினால் அப்படித்தான். பின்னாளில் தோட்டத்து லோரிகளைப் பார்த்துப் பார்த்து நானே தெரிந்துகொண்டது இது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், சூட்டில் எடுக்காத வண்டியை அப்பா எடுக்கிறது என்று சொன்னார் என்பதுதான்.

பட்டறைக்காரரே குறையில்லை என்று சொல்லிவிட்டதால் முதலாளியம்மா உறுதியாகிவிட்டார். சரிபார்க்க வேண்டும் என்று ஒரு ஞாயிறு என்னை வீட்டில் விட்டுவிட்டுக் கிள்ளானுக்குப் போனார்கள். மாலையில் முதலாளி மகன் ஓடி வந்தான்.

"நீ வரல, கார் எடுத்துருச்சு!"

"ஒரே சுத்துலயா?"

"சுத்தவே இல்ல. ஒங்கப்பா பாலத்துகிட்ட மேட்டுல நிப்பாட்டிருந்தாரு. எல்லாரும் ஏறுனதும் அப்படியே கீழ உருட்டி விட்டாரு, டபக்குனு எடுத்துருச்சு. ஜோரா இருந்துச்சுலா!"

எனக்கும் அது ஜோராகத்தான் பட்டது. இஞ்சின் வேகமாகப் புரண்டால் சூட்டிலும் பொறி வந்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு முந்தைய ஞாயிறுகளில் அப்பாவுக்கு அந்த மேடு ஏன் கண்ணில் படவில்லை என்று கேட்க அந்த வயதில் தோன்றவில்லை.

என்னைக் காப்பார் தோட்டத்துக்கே அனுப்பிவிடுவதாகப் பேச்சு வந்தது. பையனோடு டிரைவர் வேண்டாம், பையனில்லாமல் டிரைவர் இருக்கட்டும் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். தோட்டத்துக்குப் போனால் பள்ளி நாலாவதோடு சரி. இங்கிலீஷ் பள்ளி என்ற பேச்சே இல்லை. அப்பாவையும் விட்டுப் போகவேண்டும்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. காலையில் நான் வண்டிக்குள்தானே இருக்கிறேன்! தினமும் சாவியைத் திருப்புவதே நான்தான். அப்போது எடுக்கிறதே? கொட்டகையில் நடப்பதை முதலாளி வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அப்பாவிடம் சொன்னேன்.

"பெரியவங்க பேசிக்குவோம். நீ வாய மூடிக்கிட்டு இரு."

வாழ்நாளெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான். கடையில் மிச்சம் கேட்கக்கூட நாக்கு எழாது. ஆனால் அடுத்த நாள் காலை, முன்வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த முதலாளியிடம் போய் நின்றேன்.

"ஐயா, காலைல நான் உள்ளதான் உக்காந்திருப்பேன். அப்ப எடுக்குதுங்க. வந்து பாருங்க ஐயா."

முதலாளி பேப்பரைத் தாழ்த்தினார். அவர் நியாயமான மனிதர். "அப்படியா? சரி, பாத்துருவோம்," என்று எழுந்தார். முதலாளியம்மாவும் மகனும் கூடவே வந்தார்கள்.

அப்பா கொட்டகையில் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலாளி விஷயத்தைச் சொன்னார். அப்பா என்னை ஒரு கணம் பார்த்தார். கோபம் இல்லை. என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

"ஏறி உக்காரு," என்றார்.

ஏறினேன். வழக்கம்போல் சாவிக்குக் கை நீட்டினேன். "விடு, நான் பாத்துக்கறேன்," என்று அப்பா என்னைத் தாண்டிக் குனிந்து சாவியில் கை வைத்தார். பிறகு முன்னால் போனார்.

சாவி இடது பக்கம் இருந்தது.

மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அப்பா சுற்றினார். இஞ்சின் புரண்டது, பொறி இல்லை. மறுபடி சுற்றினார். பானட்டுக்கு மேல் அவர் தலை மட்டும் ஏறி இறங்குவது தெரிந்தது. "அப்பா, சாவி" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் நிமிர்ந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை, வெறுமே பார்த்தார். ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் எதையும் மறக்கவில்லை. கையை நீட்டினால் சாவி ஒரு சாண் தூரம். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"இதுக்கு மேல என்ன பாக்கணும்?" என்றார் முதலாளியம்மா.

அப்பா வந்து என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தரையில் விட்டார். சீட்டைத் தட்டிவிடுவதுபோல உள்ளே குனிந்தார். முன்னால் போய் ஒரு சுற்று. வண்டி எழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே முதலாளி மகன் கைதட்டினான். முதலாளி பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் வெகுகாலம் இதை எடைபோட்டுப் பார்த்திருக்கிறேன். என்மேல் குற்றமில்லை என்று அன்று ஆகியிருந்தால் அடுத்த கேள்வி வண்டிமேல் வந்திருக்கும். மேக்னட்டோவைப் பிரித்திருப்பார்கள். உருகின அரக்கு, அதற்கு முன் வெள்ளம், அதற்கு முன் கூட்டாளிகள் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்திருக்கும். அப்பாவுக்கு வேலை போயிருக்கும். அந்த வருஷங்களில் ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பலில் ஊருக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போன வேலை திரும்பக் கிடைக்காது. எல்லாம் புரிகிறது. புரிவதால் அந்தச் சாவி வலது பக்கம் திரும்பிவிடவில்லை.

காப்பாருக்குப் போகும் வழியில் கிள்ளான் வரை அப்பா என்னை ரயிலில் கூட்டிப்போனார். என் துணிகள் ஒரு பிஸ்கோத்து டின்னில். வழியில் அவித்த கடலை வாங்கித் தந்தார். ஸ்டேஷன் வரப்போகிற நேரத்தில்தான் பேசினார்.

"கொஞ்ச நாள்தான்டா. வண்டிய சரி பண்ணிட்டு ஒன்னக் கூட்டிக்கறேன்."

வண்டியைச் சரிபண்ணிவிட்டு என்றார். என்னை என்று சொல்லவில்லை. கோளாறு எங்கே என்று அவர் வாயால் ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான், அதுவும் ரயில் சத்தத்தில். நான் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வண்டி சரியானால் நான் வீட்டுக்குப் போகலாம்.

பெரியம்மா எனக்குக் குறை வைக்கவில்லை. காலையில் அவரோடு ரப்பர் மர நிரையில் நின்று பால் வாளி தூக்கினேன், மதியம் தோட்டத்துப் பள்ளி. கைகளில் பெட்ரோல் வாசனைக்குப் பதில் புளித்த ரப்பர் பால் வாசனை வந்தது.

சில மாதம் கழித்து அப்பா காரோடு வந்தார். முதலாளியைக் கிள்ளானில் இறக்கிவிட்டு வந்த இடைவேளை. லயத்து வரிசை வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்து வண்டியை மொய்த்தார்கள். அப்பா இறங்கினார். இஞ்சினை நிறுத்தவில்லை.

"தம்பி, நிறுத்திட்டு உள்ள வாங்க, காப்பி போடுறேன்," என்றார் பெரியம்மா.

"இருக்கட்டும் அக்கா. நின்னுக்கிட்டே குடிக்கிறேன்."

"பெட்ரோலு தண்டமா எரியுதே."

"எரியட்டும் அக்கா."

வண்டி நடுங்கிக்கொண்டே நின்றது. அப்பா காப்பி டம்ளரை மட்கார்டில் வைக்க, அது நகர்ந்து நகர்ந்து விளிம்புக்குப் போனது. கேட்க என்ன இருந்தது? சரியான வண்டியை யாராவது நிறுத்தப் பயப்படுவார்களா? அப்பா என் தலையைத் தடவிவிட்டு ஏறிப் போனார். அப்புறம் வெகுநாள் வரவில்லை.

அடுத்த வருஷம் பழைய காரை விற்றுவிட்டு முதலாளி புதிது வாங்கினார் என்று சேதி வந்தது. அன்றைக்கே என் துணிகளை மடித்து டின்னில் வைத்துவிட்டேன். பெரியம்மா பார்த்தார், தடுக்கவில்லை. தினமும் மதியம் லயத்து முனையில் போய் நிற்பேன்.

ஒரு நாள் வந்தார். கறுப்புக் கார், மூடின கூரை, கண்ணாடி ஜன்னல். கிள்ளான் வரை ஓடி, அங்கிருந்து காப்பார் வரை ஓடி, பானட்டுக்கு மேல் காற்றே நெளிகிற சூடு. வந்ததும் அப்பா இஞ்சினை நிறுத்தினார். உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆற அமரக் காப்பி குடித்தார். பெரியம்மாவோடு சிரித்துப் பேசினார். அவர் சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது. நான் டின்னை எடுத்துக்கொண்டு போய்க் காரில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்பா வந்தார். என்னைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார். தன் சீட்டில் ஏறினார். இந்த வண்டிக்குக் கைப்பிடி சுற்ற வேண்டியதில்லை. பலகையில் ஒரு பொத்தான். பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க அதை அழுத்தினார். அந்தச் சூட்டிலேயே, நான் முழு உடம்பும் சீட்டில் பட உட்கார்ந்திருக்கும்போதே, முதல் அழுத்திலேயே வண்டி எடுத்தது.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் முன்னாலிருந்த பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புது வண்டிடா," என்றார். "மொதலாளியம்மா ஒன்ன ஏத்தி எதுக்கு வம்புன்னு பாக்குறாங்க."

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

அப்பா என்னைத் தாண்டிக் குனிந்து என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"நேரமாச்சு. எறங்குடா."